இணையவழி வகுப்பும் கால்பங்குக் கல்வியும்

அஸர் தொழுகை முடிந்து வெயில் தணியும் வேளையில் கல்முனைக் கடைத்தெரு வழியே நடந்து செல்பவர், சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு காட்சியைத் தவறாமற் கண்டிருப்பர். பாடசாலை விட்டு வீடு சென்று, அவசரமாய் இரண்டு கவளம் உண்டு, மீண்டும் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டிகளில் விரையும் மாணவர் கூட்டமே அது. வடக்கே மருதமுனையிலிருந்தும் தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய இடங்களிலிருந்தும் அவர்கள் வந்து சேர்வர். தகரக் கொட்டகையொன்றின் கீழ், வாங்குகளில் நெருக்கியடித்து அமர்ந்து, மஃரிபு பாங்கு ஒலிக்கும்வரை கணக்கும் விஞ்ஞானமும் கற்பர். இதற்குப் பிரத்தியேக வகுப்பு என்று ஒரு பெயர் இருந்தாலும், ஊரார் வாயில் அது ‘ரியூசன்’ தான்.

அக்காட்சி இன்றும் மறைந்துவிடவில்லை. ஆயினும் அதற்கு ஒரு போட்டி தோன்றிவிட்டது. வீட்டு மூலையில் கைத்தொலைபேசியைச் சுவரிற் சாய்த்து வைத்து, காதிலே ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் பாடத்தைப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. பெற்றோரைக் கேட்டால், “பிள்ளை ஒன்லைன் கிளாசில இருக்கு” என்கின்றனர். பிள்ளை வகுப்பில் இருக்கிறதா, வீட்டில் இருக்கிறதா என்பது நல்ல கேள்வி. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதே.

இணையவழிக் கற்பித்தல் நன்மையா, தீமையா என்று பட்டிமன்றம் வைத்தால் இரு அணியாருக்கும் பேசப் பொருள் உண்டு, கைதட்டலும் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு நன்மை, எந்தப் பிள்ளைக்குத் தீமை என்று கேட்டாலன்றி உண்மை வெளிப்படாது.

வந்த வழி

இவ்வழக்கம் நம்மிடையே விரும்பி அழைக்கப்பட்டு வந்ததன்று. 2020 மார்ச் மாத நடுவில், கொவிட் நோய்த் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மீண்டும் மூடுவதுமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2020இன் இறுதியில் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பல பகுதிகள் தனிமைப்படுத்தப்பட்டபோது, அடுத்த தெருவில் இருந்த ஆசிரியர் வீட்டுக்குப் போவதும் இயலாததாயிற்று. அரசாங்கம் ‘ஈ-தக்சலாவ’ என்ற இணையத்தளத்தையும், ‘குரு கெதர’ என்ற தொலைக்காட்சிப் பாட நிகழ்ச்சியையும் முன்வைத்தது. ஆசிரியர்களோ கையிற் கிடைத்ததைக் கொண்டு, வட்ஸ்அப் குழுக்கள் மூலமாகவும் ஸூம் செயலி மூலமாகவும் கற்பிக்க முற்பட்டனர்.

2021 ஜூலை 12ஆம் திகதி தொடக்கம், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகிநின்றனர். அது ஒக்டோபர் மாதம் வரை நீடித்தது. அக்காலத்தில் பாடசாலையின் திரை இருண்டு கிடக்க, காசு கொடுத்துக் கற்கும் திரைகள் பல ஒளிவிட்டன. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஜூனில் எரிபொருள் இன்மையால் நகர்ப்புறப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. நெருக்கடிகள் ஒருவாறு நீங்கின. இணையவழி வகுப்பு மட்டும் நீங்கவில்லை. தற்காலிகப் பந்தலாகக் கட்டப்பட்டது நிரந்தர வீடாகிவிட்டது.

தொலைவு சுருங்கியது

நன்மையை முதலிற் கூறுவோம்; அதுவே நியாயம்.

கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. உயர்தரத்தில் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ கற்க விரும்பிய இக்கரையோரத்துப் பிள்ளைகளுக்கு, பேர்பெற்ற ஆசிரியரிடம் கற்பதென்றால் இரவு பஸ் ஏறிச்செல்வது ஒன்றே வழியாக இருந்த காலம் நெடியது. அங்கே தங்கும் இடத்திற்குக் கட்டணம், உணவுக்குக் கட்டணம், வகுப்புக்குக் கட்டணம். வயலை ஈடுவைத்து மகனை அனுப்பிய தந்தையர் நம் ஊர்களில் உண்டு. மகளை அனுப்பத் துணிந்தவர் மிகச் சிலரே.

இந்தத் தொலைவின் கொடுமையை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்களுள் ஒருவர் ஏ. எம். ஏ. அஸீஸ். இலங்கை சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டு, உணவு உற்பத்தியைக் கவனிக்கும் பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். நெல் விளைந்தது, ஆனால் நெல் விளைவித்தவரின் பிள்ளைகளிடையே கல்வி விளையவில்லை என்பதை அவர் கண்டார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தோன்றியது. அந்த அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. திறமை இருந்தும் பொருள் இல்லாத மாணவனுக்குக் கைகொடுப்பதே அதன் நோக்கம். கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே 1945இல் தான். 1949இல் கல்முனையில் ஸாஹிறாக் கல்லூரி எழுந்தது. பிள்ளை கல்வியைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை, கல்வி பிள்ளையைத் தேடி வரவேண்டும் என்ற எண்ணம் இம்முயற்சிகள் யாவற்றுக்கும் அடியில் ஓடியது.

அந்த எண்ணத்தை இணையம் ஒருவகையில் நிறைவேற்றியிருக்கிறது என்பதை மறுத்தல் தகாது. பொத்துவிலில் இருக்கும் மாணவன், தலைநகரத்து மாணவன் கேட்கும் அதே பாடத்தை அதே நொடியிற் கேட்கிறான். விளங்காத பகுதியைப் பதிவிலே மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்க்கிறான். வகுப்பறையில் ஆசிரியரை மூன்றாம் முறை கேட்க நாணுபவனுக்கு, திரை முப்பது முறை சொன்னாலும் முகஞ்சுளிப்பதில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இதனால் விளைந்த நன்மை தனியே கூறத்தக்கது. மஃரிபுக்குப் பின் மகள் வெளியே போவதை நம் வீடுகள் விரும்புவதில்லை. ஆகவே மாலை வகுப்பு பிந்தினால் பையன்கள் இருந்து கேட்பர். பெண்பிள்ளைகள் பாதியில் எழுந்து போவர். பாடத்தின் முடிவுப் பகுதி, அதாவது கணக்கை முடித்து விடை காணும் பகுதி, பல ஆண்டுகளாக அவர்களுக்குக் கிடைக்காமலே போயிற்று. இன்று இஷாவுக்குப் பின் இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் வகுப்பையும் அவர்கள் முழுமையாகக் கேட்கின்றனர். அந்த வழக்கம் சரியா என்பது வேறு விவாதம். வழக்கம் மாறும்வரை பிள்ளையின் படிப்புக் காத்திராது.

பெயர் மட்டும் இருந்தது

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அரசாங்கக் கணக்கின்படி, இலங்கையில் ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. ஏனைய வீடுகளில் கைத்தொலைபேசியே வகுப்பறை. அதுவும் ஒன்று, பிள்ளைகள் மூவர். வாப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய தொலைபேசியை யார் எடுப்பது என்ற வழக்கு நாள்தோறும் உம்மாவின் முன்னிலையில் விசாரிக்கப்படும். பெரும்பாலும் தீர்ப்பு பரீட்சை எழுதவிருக்கும் மூத்தவன் பக்கமே. 2021இல் மலைநாட்டுக் கிராமங்களிலே, அலை கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. நம் கரையோரத்தில் ஏறுவதற்குப் பாறை இல்லை. அலை உண்டு, ‘டேட்டா’ வாங்கத்தான் காசில்லை.

இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். ஆகவே என்றேனும் தீரக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத குறையொன்று உண்டு. அதை நான் என் தவற்றின் வாயிலாகவே அறிந்தேன். எழுதக் கூச்சமாயிருக்கிறது, எனினும் ஆசிரியர் பலர் வாசிக்கும் இப்பக்கத்தில் மறைப்பது முறையன்று.

2021இல், இக்கரையோரத்துப் பாடசாலையொன்றில், பத்தாம் தரத்துக்குக் கணிதம் கற்பித்து வந்தேன். வகுப்பு ஸூமில் நடந்தது. முப்பத்தெட்டுப் பெயர்கள் திரையில் வரிசையாய் நிற்கும். முகங்கள் இல்லை, படம் தெரிந்தால் டேட்டா தீரும் என்று நானே ஒளிப்படக்கருவியை அணைத்துவிடச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவியின் பெயர் ஒருநாளேனும் தவறியதில்லை. நான் வருவதற்கு முன் அவள் பெயர் இருக்கும். நான் போன பின்னரே அது மறையும். வரவுப் பதிவேட்டில் அவளைப் போல ஒழுங்கானவர் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அவளை எடுத்துக்காட்டாகவும் கூறியிருக்கிறேன்.

பாடசாலை திறந்து, முதல் வாரத்திலே சிறு பரீட்சையொன்று வைத்தேன். அவளுடைய தாளில் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. இருபடிச் சமன்பாட்டின் முதற்படியே அவளுக்குத் தெரியவில்லை. தனியே அழைத்துக் கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுச் சொன்னாள்: “முதல் கிழமையே விளங்கல்ல, சேர். எல்லாரும் விளங்கினது எண்டு சொன்னாங்க. கேக்க வெக்கமா இருந்திச்சு. பிறகு பேரை மட்டும் போட்டுட்டு உம்மாக்கு உதவி செய்ய போயிருவன்.”

வகுப்பறையாயிருந்தால் முதல் நாளே கண்டிருப்பேன். எழுதுகோல் நின்றுபோகும். பார்வை பக்கத்துப் பிள்ளையின் கொப்பிக்குத் தாவும். “விளங்கினதா?” என்று கேட்டால், “ஓம் சேர்” என்னும் குரலில் ஓர் இழுப்பு இருக்கும். இந்தச் சிறு குறிகளைப் படித்தறிவதே ஆசிரியத் தொழிலின் பாதி. திரையில் எனக்குத் தெரிந்தது கறுப்புச் சதுரத்தில் ஒரு வெள்ளைப் பெயர். அதைப் பிள்ளை என்று நம்பிவிட்டேன்.

அதன் பின் பாடசாலை விட்டதும் அவளையும் வேறு இருவரையும் இருத்திச் சொல்லிக்கொடுத்தேன். நேரம் போதவில்லை. கணிதப் பிரிவில் உயர்தரம் கற்க எண்ணியிருந்தவள், சாதாரண தரத்திலே அதற்கு வேண்டிய சித்தி கிடைக்காமல் கலைப்பிரிவுக்குப் போனாள். கலைப்பிரிவு தாழ்ந்ததென்று கூறவில்லை. அவள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கே கொண்டுபோய் விடப்பட்டாள் என்பதே என் வருத்தம்.

நன்னூலார் வகுத்த கணக்கு

இந்நிகழ்ச்சிக்குப் பின் நன்னூற் பாயிரத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். மாணாக்கரை அன்னத்துக்கும் பசுவுக்கும், ஓட்டைக் குடத்துக்கும் பன்னாடைக்கும் ஒப்பிட்ட பகுதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே பாயிரத்தில் பவணந்தி முனிவர் கல்வியின் கணக்கொன்றையும் வகுத்திருக்கிறார். ஆசிரியன் சொல்வதை எத்துணை நன்றாகக் கேட்டாலும், அதனால் மாணவன் பெறுவது புலமையிற் கால்பங்கே. உடன் கற்பவரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வருவது. மாணாக்கன் தன்மையைத் தெரிந்து, அவன் கொள்ளும் வகை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பதும் அவர் ஆசிரியனுக்கு இட்ட கட்டளை.

13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இக்கணக்கு, இன்றைய இணையவழி வகுப்பின் நிறையையும் குறையையும் ஒருங்கே அளந்துவிடுகிறது. திரை கொண்டுவருவது அந்த முதற் கால்பங்கை. அதை மிகச் சிறப்பாகவே கொண்டுவருகிறது. தலைசிறந்த ஆசிரியரின் சொல்லைக் கடைக்கோடி வீட்டுக்கும் சேர்க்கிறது. பிழை எங்கே நேர்கிறதென்றால், கால்பங்கை வாங்கிக்கொண்டு முழுப்பங்கும் கிடைத்துவிட்டதாக நாம் எண்ணும் இடத்திலே. முன்னர் தகரக் கொட்டகைக்குப் போன பிள்ளை, போகும் வழியில் தோழனோடு கணக்கைப் பற்றிச் சண்டையிட்டான். திரும்பும் வழியில் விளங்காதவனுக்கு விளக்கினான். நாம் வீண் என்று கருதிய அந்தச் சைக்கிள் பயணத்திலே எஞ்சிய முக்கால் பங்கும் அடங்கியிருந்தது.

தானே கற்கும் ஆற்றலுடைய பிள்ளைக்குக் கால்பங்கே பெருஞ்செல்வம். மீதியை அவன் எவ்வாறோ தேடிக்கொள்வான். பின்தங்கிய பிள்ளைக்கு அவ்வாற்றல் இன்னும் வரவில்லை. ஆகவே ஒரே வகுப்பு ஒருவனை உயர்த்தி, மற்றவனை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. தொலைவு சுருங்கியது, பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளி விரிந்தது.

உலகம் கண்டறிந்தது

இது என் ஒருவனின் ஊகமன்று. அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம் 1984இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தனித்தனியே ஓர் ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவன், வழமையான வகுப்பிற் கற்ற மாணவர் நூற்றுவரில் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினான் என்பது அவர் கண்ட முடிவு. பின்வந்தோர் இவ்வளவு பெரிய பயனைக் காணவில்லை. எனினும் பயன் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆசிரியர் தன் பிள்ளையை அறிந்திருப்பதே அதன் காரணம்.

அந்த அறிதல் திரைவழியாகவும் கூடும் என்பதற்கு இத்தாலி சான்று தருகிறது. 2020இல் நோய் பரவியபோது, பல்கலைக்கழக மாணவர் தொண்டர்களாய் முன்வந்து, வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் சில மணி நேரம் இணையவழியே இலவசமாகக் கற்பித்தனர். ஒரு தொண்டருக்கு ஒரு பிள்ளை. சில வாரங்களிலேயே அப்பிள்ளைகளின் பெறுபேறு உயர்ந்ததை ஆய்வாளர் அளந்து காட்டினர்.

ஆபிரிக்காவின் பொட்சுவானாவில் நடந்தது இன்னும் வியப்பானது. அங்கே இணையமும் இல்லை, திரையும் இல்லை. சாதாரணத் தொலைபேசி மட்டுமே. வாரம் ஒருமுறை ஓர் ஆசிரியர் வீட்டுக்கு அழைத்து, கால்மணி முதல் இருபது நிமிடம் வரை பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசிக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. குரலையும் கேட்ட பிள்ளைகள் முன்னேறினர். 2022இல் வெளியான அந்த ஆய்வு நமக்குக் கூறுவது எளிய செய்தி. கருவி எவ்வளவு விலை உயர்ந்தது என்பது பொருட்டன்று. மறுமுனையில் இருப்பவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியுமா என்பதே பொருட்டு.

இதற்கு மறுதலையும் உண்டு. 2022இல் 2,200 கோடி அமெரிக்க டொலர் பெறுமதி உடையதென மதிப்பிடப்பட்ட இந்தியாவின் ‘பைஜூஸ்’ நிறுவனம், கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் விற்கப் புறப்பட்டது. 2024இல் அது கடன் தீர்க்கமுடியாத நிலையில் நீதிமன்றத்தின் முன் நின்றது. அதே காலத்தில் தமிழ்நாட்டரசு வேறொரு வழியை மேற்கொண்டது. 2021 ஒக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்கள் தெருவிலேயே மாலைவேளையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். பாடசாலைகள் மூடியிருந்தபோது இழந்த கல்வியைப் பிள்ளைகள் மீட்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தின் பயன் என்று ஆய்வாளர் கணித்தனர்.

ஊரார் செய்யக்கூடியது

ஆதலின் திரையை உடைத்தெறிய வேண்டியதில்லை. அதைச் சுற்றி எஞ்சிய முக்கால் பங்கைக் கட்டியெழுப்ப வேண்டும். இதற்குக் கொழும்பின் கட்டளைக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

நம் ஊர்கள் தோறும் வாசிகசாலை உண்டு. பாடசாலை மண்டபம் உண்டு. பிள்ளைகள் ஓதிவிட்டுப் போன பின் வெறுமையாய்க் கிடக்கும் குர்ஆன் மத்ரஸாவும் உண்டு. வீட்டு மூலையில் தனித்திருந்து கேட்கும் பாடத்தைப் பத்துப் பிள்ளைகள் அங்கே ஒரு திரையின் முன் ஒன்றாயிருந்து கேட்கட்டும். ஒரு கட்டணத்தில், ஒரு தொலைபேசியில் அது முடியும். பாடம் முடிந்ததும் அரைமணி நேரம் அவர்கள் தமக்குள் பேசட்டும். உடன் ஓர் ஆசிரியரோ மூத்த மாணவரோ இருந்தாற் போதும். பெண்பிள்ளைகளுக்கு வசதியான இடமும் நேரமும் தனியே வகுப்பது ஊர்ப் பெரியவர்களுக்கு இயலாததன்று.

ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அட்டாளைச்சேனையிலே தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே கற்கும் இளைஞர் ஒருவர் வாரத்தில் இருபது நிமிடம் ஒரு பிள்ளையோடு தொலைபேசியிற் பேசினால், பொட்சுவானாவில் நடந்தது பொத்துவிலிலும் நடக்கும். கற்பிக்கும் இளைஞருக்கு நட்டமில்லை; நன்னூலார் கூறிய அரைப்பங்கு அவருக்கே சேரும்.

இணையவழி கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து பிள்ளைகளையாவது பெயர் சொல்லி அழையுங்கள். “விளங்கினதா?” என்று கேளாதீர்கள், விளங்காதவன் அதற்கு ஒருபோதும் உண்மை சொல்லமாட்டான். “நீ எனக்கு விளக்கு” என்று கேளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஒரு பிள்ளையின் வழி மாறியிருக்காது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எழுத்தறியாத தாய் தன் பிள்ளைக்கு என்ன கற்பிக்க முடியும் என்று பலர் கேட்கின்றனர். கற்பிக்க முடியாது, ஆனால் கற்க முடியும். அண்மையில் மருதமுனையில் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு வகுப்பு முடிந்து தொலைபேசியை அணைத்த மகளை உம்மா அருகே அழைத்து, “இண்டைக்கு என்ன படிச்சா? எனக்குச் சொல்லு பாப்பம்” என்றார். பிள்ளை முக்கோணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. உம்மா நூல் சுற்றிக்கொண்டே, “அது ஏன் அப்பிடி?” என்று கேட்டார். பிள்ளை நின்று யோசித்தது. கொப்பியை எடுத்துப் புரட்டியது. மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது.

உம்மாவுக்கு விளங்கியதோ இல்லையோ நான் அறியேன். பிள்ளைக்கு விளங்கியது.